மீட்பர்களின் மேடையில் மீள்பவர்களுக்கு இடமில்லை

ஜூன் 26 வந்துவிட்டால் பெங்களூரின் கல்லூரி வளாகங்கள் ஒரு சடங்குக்குத் தயாராகிவிடுகின்றன. ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 1987ஆம் ஆண்டு அறிவித்த போதைப்பொருள் எதிர்ப்பு நாள் அது. காலையில் மனிதச் சங்கிலி. அதன்பின் வலக்கையை நீட்டி உறுதிமொழி. அதன்பின் அரங்கக் கூட்டம். மேடையில் காவல்துறை அதிகாரி ஒருவர், மருத்துவர் ஒருவர், கல்லூரி முதல்வர், நாட்டு நலப்பணித் திட்ட அலுவலர். அதிகாரி தண்டனைக் காலங்களைப் பட்டியலிடுவார். மருத்துவர் சுருங்கிய கல்லீரலின் படத்தைத் திரையில் காட்டுவார். முதல்வர் நாட்டின் எதிர்காலம் இளைஞர் கையில் இருப்பதை நினைவூட்டுவார். தேநீர் அருந்திவிட்டு அனைவரும் கலைந்து செல்வர்.

அரங்கில் அமர்ந்திருப்போரில் சிலர் முந்தைய இரவு குடித்தவர்கள் என்பது அனைவருக்கும் தெரிந்ததே. குடியை நிறுத்தி நாற்பதாவது நாளைக் கடந்துகொண்டிருக்கும் ஒருவரும் அங்கே இருக்கக்கூடும் என்பதுதான் எவருக்கும் தோன்றுவதில்லை. அன்று மாலை ஆறு மணிக்கும் பத்து மணிக்கும் இடைப்பட்ட நேரத்தை எப்படிக் கடப்பது என்று கணக்கிட்டுக்கொண்டிருக்கும் அவருக்குச் சொல்ல அந்த மேடையிடம் எதுவும் இல்லை.

மீட்சியில் வாழும் ஒருவரை மேடையேற்றும் கல்லூரிகளும் உண்டே என்று மறுப்பு எழலாம். உண்டு. மருத்துவருக்கு நாற்பது நிமிடமும் அவருக்கு ஐந்து நிமிடமும் தரப்படும். அந்த ஐந்து நிமிடத்தில் அவர் சொல்ல வேண்டியது அவருடைய அழிவை மட்டுமே: இழந்த வேலை, விற்ற வீடு, பிரிந்து சென்ற மனைவி. எச்சரிக்கைப் பலகையின் வேலையை முடித்துக்கொண்டு அவர் கீழே இறங்கிவிட வேண்டும். சென்ற செவ்வாய்க்கிழமை அவர் யாரைப் பார்க்கப் போனார், யாரோடு பேசிக்கொண்டிருந்ததால் அன்று அவர் குடிக்காமல் இருந்தார் என்று எவரும் கேட்பதில்லை. வீழ்ச்சியைப் பற்றிப் பேச அவருக்கு அனுமதி உண்டு. மீட்சியைப் பற்றிப் பேசும் அதிகாரம் மருத்துவருக்கும் காவலருக்கும் ஒதுக்கப்பட்டுள்ளது.

இந்த அதிகாரப் பங்கீடு வெறும் மேடை ஒழுங்கு அன்று. தமிழ் இலக்கணம் அறிந்தோர் இதை ஒரு வினைச்சொல்லிலேயே காணலாம். ‘மீள்’ என்பது தன்வினை. ‘மீட்டல்’ அதன் பிறவினை. ஆள் என்பதிலிருந்து ஆட்சியும், நீள் என்பதிலிருந்து நீட்சியும் பிறந்தது போல, மீள் என்பதிலிருந்து மீட்சி பிறந்தது. மீட்சியில் எழுவாய் தானே திரும்பி வருகிறது. மீட்பில் எழுவாய் வேறொருவர். திரும்ப வருவது செயப்படுபொருள். கிணற்றில் விழுந்த குழந்தை மீட்கப்படுகிறது. அடகுக் கடையிலிருந்து நகை மீட்கப்படுகிறது. நகைக்கு அதில் எந்தப் பங்கும் இல்லை, வட்டி கட்டியவருக்கே பெருமை. நமது சுவரொட்டிகளும் செய்திக் குறிப்புகளும் கல்லூரித் தீர்மானங்களும் போதையிலிருந்து இளைஞர்களை ‘மீட்க’வே விரும்புகின்றன. கிறித்தவத் தமிழில் மீட்பர் என்ற சொல் ஒருவரைத்தான் குறிக்கிறது. நமது கருத்தரங்குகளிலோ மீட்பர்களின் எண்ணிக்கைக்குக் குறைவே இல்லை.

குடியிலிருந்தும் போதையிலிருந்தும் வெளியேறி வாழ்வோரின் அனுபவம் வேறொன்றைச் சொல்கிறது. அங்கே தன்வினையும் பிறவினையும் பிரிவதில்லை. பிறரை மீட்க முயல்வதே தான் மீள்வதற்கான வழியாக இருக்கிறது. இதை உணர்ச்சிவயப்பட்ட பேச்சு என்று ஒதுக்குவோர் இந்த இயக்கத்தின் தொடக்க வரலாற்றைப் படித்துப் பார்க்கலாம்.

1935 மே மாதம். அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் உள்ள ஆக்ரன் நகரம். நியூயார்க்கிலிருந்து தொழில் விஷயமாக வந்து தோற்றுப்போன பில் வில்சன் என்ற பங்குச்சந்தை மனிதர் மேஃப்ளவர் ஹோட்டலின் முன்கூடத்தில் நிற்கிறார். குடியை விட்டு ஐந்து மாதங்கள் ஆகியிருந்தன. ஒரு பக்கம் மதுக்கூடம், மறுபக்கம் தொலைபேசி. அவர் தொலைபேசியை எடுத்துத் தேவாலயங்களின் பட்டியலில் இருந்த எண்களை அழைக்கிறார். தன்னைக் காப்பாற்றும்படி கேட்பதற்காக அன்று. தான் பேசுவதற்கு இன்னொரு குடிநோயாளி வேண்டும் என்று கேட்பதற்காக. அப்படித்தான் டாக்டர் பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவரைச் சந்திக்கிறார். அவ்வாண்டு ஜூன் 10ஆம் நாள் டாக்டர் பாப் கடைசியாகக் குடித்த நாள் என்று குறிக்கப்பட்டு, அதுவே ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பின் பிறந்தநாளாகக் கொண்டாடப்படுகிறது.

இந்தக் கதையில் பலரும் கவனிக்காத பகுதி அதற்கு முந்தைய ஐந்து மாதங்கள். அந்த மாதங்களில் வில்சன் குடிகாரர்களைத் தேடித் தேடி உபதேசம் செய்தார். ஒருவர்கூடத் திருந்தவில்லை. உபதேசத்தை விடு, நோயைப் பற்றிப் பேசு என்று அவருக்கு மருத்துவம் பார்த்த சில்க்வொர்த் அறிவுரை சொல்ல வேண்டியிருந்தது. ஆயினும் எவரையும் திருத்தாத அந்த மனிதர் அந்த ஐந்து மாதங்களும் குடிக்காமல் இருந்தார். உதவி பெற வேண்டியவருக்குப் பயன்படாத உதவி, உதவியவரைக் காத்தது. ஆக்ரனில் அவர் மாற்றிக்கொண்டது ஒன்றே: உன்னைத் திருத்த வந்தேன் என்ற குரலை விட்டுவிட்டு, உன்னிடம் பேசினால்தான் நான் இன்றிரவு பிழைப்பேன் என்ற குரலில் பேசினார்.

அதிகாரத் தொனி பயனற்றது என்பதும், ஒத்த நிலையில் இருப்பவரே கண்ணாடி ஆக முடியும் என்பதும் தமிழுக்குப் புதியவை அல்ல. திருக்குறளின் 93ஆம் அதிகாரமான கள்ளுண்ணாமை ஜூன் 26 மேடைகளில் தவறாமல் எடுத்தாளப்படுகிறது. ஆனால் அதன் இறுதி இரு குறள்களையும் சேர்த்துப் படிப்போர் அரியர். 929ஆம் குறள், குடித்தவனுக்குக் காரணம் காட்டித் தெளிவிக்க முயல்வதை, நீருக்கடியில் மூழ்கியவனைத் தீப்பந்தம் கொண்டு தேடுவதற்கு ஒப்பிடுகிறது. அடுத்த குறள், தான் குடிக்காதிருக்கும் வேளையில் குடித்த இன்னொருவனைக் காண்பவன் தன் நிலையை எண்ணிப் பார்க்க மாட்டானா என்று வினவுகிறது. முதற்குறள் மேடையை நிராகரிக்கிறது. இரண்டாவது குறள் குடிப்பவனையே இன்னொரு குடிப்பவனுக்கு எதிரே நிறுத்துகிறது. வள்ளுவர் சுயஉதவிக் குழுவைக் கண்டுபிடித்தார் என்று வாதிடுவது நகைப்புக்குரியது; அப்படி ஒரு முனைவர் பட்ட ஆய்வேடு வராதிருக்கட்டும். ஆனால் அந்த இரு குறள்களின் வரிசையில் ஒரு தெளிவு இருக்கிறது.

கல்வியுலகம் கேட்பது தரவை. அதுவும் உண்டு. பிறருக்கு உதவுபவரே அதிகப் பயன் பெறக்கூடும் என்ற கருத்தை ஃபிராங்க் ரீஸ்மன் 1965இல் ஒரு கட்டுரையில் முன்வைத்தார். ‘ப்ராஜெக்ட் மேட்ச்’ என்ற 1,726 பேர் பங்கேற்ற பெரிய சிகிச்சை ஆய்வின் தரவுகளை மரியா பகானோவும் உடனாய்வாளர்களும் 2004இல் மறுபடி ஆராய்ந்தபோது, சிகிச்சைக்குப் பிந்தைய ஓராண்டில் குடிக்காமல் இருந்தோர் பிறருக்கு உதவியவர்களிடையே 40 விழுக்காடு, உதவாதவர்களிடையே 22 விழுக்காடு. உடல்நலம் தேறியவர்தான் உதவவும் செய்வார், எனவே எது காரணம் எது விளைவு என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்ற ஐயம் நியாயமானது. அந்த ஐயத்தை ஏற்றுக்கொண்டே 2020இல் வந்த காக்ரன் தொகுப்பாய்வையும் படிக்க வேண்டும். 27 ஆய்வுகள், பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பங்கேற்பாளர்கள். தொடர்ச்சியாகக் குடிக்காதிருத்தல் என்ற அளவுகோலில், முறைப்படுத்தப்பட்ட பன்னிரு படி அணுகுமுறை பிற உளவியல் சிகிச்சைகளைவிடச் சற்று மேலாகவே நின்றது. ‘சான்றில்லாத நம்பிக்கை’ என்ற பழைய ஏளனம் இனி சோம்பலின் அடையாளம் மட்டுமே.

இந்தியாவில் இந்தக் கேள்வி வேறொரு காரணத்தாலும் அவசரமானது. சமூகநீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் நடத்தி 2019இல் வெளியிட்ட தேசிய அளவிலான ஆய்வின்படி, 10 முதல் 75 வயதுக்கு உட்பட்டோரில் 14.6 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ 16 கோடிப் பேர், மது அருந்துகின்றனர். அவர்களில் ஐந்தே முக்கால் கோடி பேருக்கு மதுவினால் விளைந்த சிக்கல்களுக்கு உதவி தேவை. மதுவைச் சார்ந்து வாழும் நிலையை எட்டியவர்களில் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் ஒரு சிகிச்சையையாவது பெற்றதாகச் சொன்னார். எஞ்சிய முப்பத்தேழு பேரையும் ஓசூர் சாலையில் உள்ள நிமான்ஸ் வளாகத்தின் வெளிநோயாளர் வரிசையில் நிறுத்திவிட முடியாது. இந்நாட்டின் உளநல மருத்துவர்கள் அனைவரையும் ஒன்று சேர்த்தாலும் முடியாது. கோவாவின் ஆரம்பச் சுகாதார நிலையங்களில் பயிற்சி பெற்ற சாதாரண மனிதர்கள் வழங்கிய குறுகிய கால ஆலோசனை, குடிப்பழக்கத்தில் அளவிடத்தக்க மாற்றத்தைத் தந்தது என்று 2017இல் லான்செட் இதழ் வெளியிட்டது. மருத்துவர் அல்லாதவர் செய்யும் உதவி, மருத்துவம் கிடைக்காதபோது தரப்படும் மாற்றுச் சரக்கு அன்று.

பெங்களூரில் அது ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது. தேவாலயங்களின் பின்கட்டிலும் பள்ளி வகுப்பறைகளிலும் மாலை வேளையில் ஆங்கிலத்திலும் கன்னடத்திலும் தமிழிலும் கூட்டங்கள் நடக்கின்றன. ஒருவர் பேச, மற்றவர் கேட்கின்றனர். குறுக்கே பேசுவதில்லை, அறிவுரை சொல்வதில்லை. புதிதாக வந்தவருக்கு ஒரு தேநீர், ஒரு தொலைபேசி எண். கூட்டம் முடிந்ததும் நாற்காலிகளை அடுக்கி வைப்பவர் பெரும்பாலும் நேற்று முன்தினம் வந்து சேர்ந்தவர். அடுக்கச் சொல்வது தண்டனைக்காகவும் அன்று, ஒழுக்கத்துக்காகவும் அன்று. வந்த மூன்றாம் நாளிலேயே தன்னால் இன்னொருவருக்கு ஏதோ ஒன்று ஆகிறது என்று அவர் அறிவதற்காக. அந்த நாற்காலி அடுக்குதலைப் பற்றி எழுதப்பட்ட ஆய்வு நம் துறைகளில் ஒன்றேனும் உண்டா?

உண்டு என்றால் அது பெரும்பாலும் கண்டன ஆய்வாகவே இருக்கும். மானுடவியல் புலங்களில் இதற்கென ஒரு தயார் நிலை வாதம் உள்ளது. ஃபூக்கோவைப் படித்த மாணவர் ஒருவர் ஒரே ஒரு கூட்டத்துக்குச் சென்று வந்து, இது பாவமன்னிப்பின் மறுவடிவம், தன்னைத் தானே கண்காணிக்கும் மனிதனை உற்பத்தி செய்யும் கருவி என்று எழுதிவிட முடியும். இதைவிடக் கூர்மையான விமர்சனத்தை மொழியியல் மானுடவியலாளர் சம்மர்சன் கார் தமது 2010ஆம் ஆண்டு நூலில் செய்திருக்கிறார். அமெரிக்கச் சிகிச்சை மையம் ஒன்றில் வீடற்ற பெண்கள், சிகிச்சையாளர்கள் எதிர்பார்க்கும் மொழியைக் கற்றுக்கொண்டு, அந்த மொழியில் பேசிக் காட்டுவதையே குணமடைதலாகக் கணக்கிட்டதை அவர் பதிவு செய்தார். தங்குமிடமும் குழந்தைகளைத் திரும்பப் பெறும் உரிமையும் அந்தப் பேச்சைப் பொறுத்து இருந்தன. ஆகவே அவர்களில் சிலர் அந்த மொழியைத் திறமையாக நடித்தனர்.

காரின் ஆய்வு மறுக்கத்தக்கதன்று. ஆனால் அது எதைப் பற்றியது என்பதை நமது கருத்தரங்குகள் கவனமாக மறந்துவிடுகின்றன. பேசுபவரின் சோறும் கூரையும் கேட்பவரின் கையில் இருக்கும் இடத்தைப் பற்றியது அது. நாற்காலி அடுக்கும் கூட்டத்தில் கேட்பவரிடம் அத்தகைய எதுவும் இல்லை. அவர் கோப்பு எழுதுவதில்லை, சான்றிதழ் தருவதில்லை, வெளியேற்றுவதும் இல்லை. அதிகாரம் உள்ள அறையில் செய்த ஆய்வின் முடிவை அதிகாரம் இல்லாத அறையின்மீது ஒட்டுவது ஆய்வு முறையியலில் முதலாம் ஆண்டுப் பிழை.

இங்கு ஒரு தமிழ் நுணுக்கம் உதவும். பன்னிரு படிகள் ஆங்கிலத்தில் ‘நாம்’ என்றோ ‘நாங்கள்’ என்றோ பிரிக்க முடியாத ஒரு தன்மைப் பன்மையில் தொடங்குகின்றன. இன்றைய கன்னடத்திலும் ‘நாவு’ ஒன்றே. தமிழில் பேசுபவர் தேர்ந்தாக வேண்டும். முன்னிலையாரை உள்ளடக்கும் உளப்பாட்டுத் தன்மையா, அவரை வெளியே நிறுத்துவதா? புதிதாக வந்து வாசலோரம் அமர்ந்திருப்பவரிடம் ‘நாம் குடிநோயாளிகள்’ என்று சொன்னால், அவர் இன்னும் ஒப்புக்கொள்ளாத ஒன்றை அவர்மீது சுமத்தியதாகும். ‘நாங்கள் இப்படி இருந்தோம்’ என்று சொன்னால் கதவு திறந்தே இருக்கும். அவர் என்றாவது ஒருநாள் ‘நாம்’ என்று தாமே சொல்லி உள்ளே வரலாம். உதவுபவரின் நாகரிகம் முழுவதும் அந்த ஓர் இடப்பெயர்த் தேர்வில் அடங்கியிருக்கிறது. ‘நாங்கள் உங்களை மீட்போம்’ என்ற சுவரொட்டியிலும் அதே ‘நாங்கள்’ இருக்கிறது. ஆனால் அங்கே அது ‘நாம்’ ஆக மாறும் வாய்ப்பே இல்லாத ‘நாங்கள்’.

சொற்களைப் பற்றிப் பேசும்போது ‘அடிமை’யை விட்டுவிட இயலாது. ‘போதைக்கு அடிமையானவர்’ என்பது நமது நாளிதழ்களின் நிலையான தொடர். கடனைத் தீர்க்க முடியாமல் கடன் கொடுத்தவனிடம் ஒப்படைக்கப்பட்ட ரோமானியக் கடனாளியின் பெயரிலிருந்தே ஆங்கிலச் சொல்லான ‘அடிக்ட்’ பிறந்தது என்பதால், தமிழ் மொழிபெயர்ப்பு ஒருவகையில் மிகச் சரியானதே. சரியாக இருப்பதுதான் சிக்கல். அடிமை தானே விடுதலை பெற முடியாது. யாரேனும் விலை கொடுத்து மீட்க வேண்டும். அச்சொல்லை ஏற்ற கணமே மேடையும் மீட்பரும் தேவையாகிவிடுகின்றனர். கன்னடத்தில் இதற்கு வழங்கும் ‘வியசன’ என்ற வடசொல் தமிழுக்கு வந்து துயரம் என்ற பொருளில் தங்கிவிட்டது. அந்தத் தற்செயல் ஒப்பீடு எவ்வளவோ கனிவானது. தமிழுக்கென்றே ஒரு வழியும் இருக்கிறது. ‘எனக்குக் காய்ச்சல்’, ‘எனக்குச் சர்க்கரை’ என்று நான்காம் வேற்றுமையில் நோயைச் சொல்லும் வழக்கம் நம்முடையது. அங்கே மனிதர் நோயாக மாறுவதில்லை. நோய் மனிதருக்கு வந்து சேர்கிறது. உதவிக் குழுக்களில் புழங்கும் ‘குடிநோய்’ என்ற சொல்லை அந்த வேற்றுமையோடு சேர்த்தால் போதும். இது வெறும் சொல்லழகு என்பாருக்கு: ஜான் கெல்லியும் வெஸ்டர்ஹாஃபும் 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே நோயாளியைப் பற்றிய குறிப்பில் இரண்டு சொற்களை மட்டும் மாற்றிக் கொடுத்தபோது, பயிற்சி பெற்ற சிகிச்சையாளர்களே இழிசொல் இருந்த குறிப்பைப் படித்துவிட்டு அந்த மனிதர்மீது அதிகப் பழியும் தண்டனை நோக்கும் காட்டினர்.

இதுவரை சொன்னது எளிய பகுதி. கடினமானது இனிமேல்தான். உதவி புனிதமானது என்று நிறுவிய மறுகணம் அதைச் சுரண்டுவோர் வரிசையில் வந்து நிற்கின்றனர்.

பெங்களூரின் புறநகர்களிலும் ஓசூர் வரையிலான நெடுஞ்சாலையோரத்திலும் தமிழ்நாட்டின் நகரங்களிலும் தனியார் மறுவாழ்வு மையங்கள் பெருகியுள்ளன. நேர்மையாக நடப்பவை உண்டு. அவ்வாறல்லாதவற்றில் காணப்படும் ஒரு வழக்கமான பாதை இது. குடும்பத்தார் பணம் கட்டி ஒருவரைச் சேர்க்கின்றனர். மூன்று மாதம் கழித்து அவர் தெளிந்துவிடுகிறார். ஆனால் திரும்பிச் செல்ல வேலையும் இல்லை, வீட்டில் வரவேற்பும் இல்லை. ‘இங்கேயே இரு, பிறருக்கு உதவு, அதுதான் உன் மீட்சிக்கு நல்லது’ என்கிறது நிர்வாகம். அவர் ‘வாலண்டியர்’ ஆகிறார். அதிகாலையில் எழுப்புவது, சமைப்பது, புதியவரைக் குளிப்பாட்டுவது, இரவில் நடுங்கும் மனிதரின் அருகே விழித்திருப்பது, தேவையெனில் சுவரேறிக் குதிக்க முயல்பவரைப் பிடித்து இழுத்து வருவது எல்லாம் அவருடைய வேலை. ஊதியம் உணவும் படுக்கையும். சாவி அவர் இடுப்பில் தொங்கத் தொடங்கும் நாளில் அவர் உதவுபவர் அல்லர்; காவலர். ஆறு மாதத்துக்கு முன் தன்னை அடித்தவரின் இடத்தில் அவர் நிற்கிறார். ஒருநாள் அவரே மறுபடி குடித்துவிட்டால், ‘முன்னுதாரணம் கெட்டுவிட்டது’ என்று சொல்லி வாசலுக்கு வெளியே நிறுத்தப்படுகிறார். எந்த மையத்திலோ சேர்க்கப்பட்டவர் அடிபட்டு இறந்தார் என்ற செய்தி அவ்வப்போது நாளிதழில் வரும்போது, கைதானவர்களில் முன்னாள் நோயாளிகளும் இருந்தால் நாம் வியக்கிறோம். வியப்பதற்கு என்ன இருக்கிறது?

இதற்குச் சட்டம் இல்லை என்று எவரும் சொல்ல முடியாது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மது மற்றும் போதைப்பொருள் பயன்பாட்டோடு தொடர்புடைய மனநிலைகளையும் தன் வரையறைக்குள் சேர்த்திருக்கிறது. அதன் 20ஆம் பிரிவு, மனநல நிறுவனத்தில் எவரையும் வேலை செய்யக் கட்டாயப்படுத்தக் கூடாது என்றும், செய்த வேலைக்குத் தகுந்த ஊதியம் தர வேண்டும் என்றும் சொல்கிறது. கட்டாயமாகத் தலையை மழிக்கக் கூடாது என்பதையும் அதே பிரிவு எழுதி வைத்திருக்கிறது. எழுதி வைக்க வேண்டிய நிலை இருந்தது என்பதே போதுமான சாட்சியம். சங்கிலியால் பிணைப்பதை 95ஆம் பிரிவு தடை செய்கிறது.

ஊதியம் தரச் சொன்னால் நிர்வாகங்கள் ஏஏ அமைப்பின் எட்டாம் மரபை எடுத்துக்காட்டும். பன்னிரண்டாம் படிப் பணி, அதாவது இன்னொரு குடிநோயாளிக்குச் செய்தியைக் கொண்டுசேர்க்கும் பணி, ஊதியத்துக்குரியதன்று என்பது உண்மைதான். ஆனால் அது ஒருவர்க்கொருவர் எதுவும் கட்டாத, எதுவும் பெறாத இருவருக்கிடையே உள்ள விதி. வெளியாரின் நன்கொடையையே ஏற்பதில்லை என்ற ஏழாம் மரபு அதற்கு முன்னே நிற்கிறது. மாதக் கட்டணம் வசூலிக்கும் நிறுவனம் ஏழாம் மரபைத் தாண்டிக் குதித்து எட்டாம் மரபில் மட்டும் வந்து அமர்வது அறமும் அன்று, வாசிப்பும் அன்று. எட்டாம் மரபே, அலுவலக வேலைக்கு ஊதியம் பெறும் பணியாளர்களை அமர்த்தலாம் என்றும் சொல்கிறது. சமைப்பதும் இரவுக் காவலும் எந்தப் படியிலும் இல்லை.

நன்முறையில் நடந்ததற்கும் நம்மிடையே எடுத்துக்காட்டு உண்டு. குடிநோய்க்குக் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு நிறுவனம், டெல்டா மாவட்டக் கிராமமான மஞ்சக்குடியில் முகாம் முறையில் சிகிச்சை அளித்தது. நோயாளி ஊரை விட்டு அகற்றப்படவில்லை. ஊரே சிகிச்சையின் பகுதியானது. இம்பாலில் போதைப்பொருள் பயன்படுத்தியவர்களே 1990களின் தொடக்கத்தில் உருவாக்கிய சாசோ அமைப்பு, எச்.ஐ.வி. பரவலின் நடுவே, அரசும் மருத்துவமும் நெருங்கத் தயங்கியவர்களிடம் சென்றது. இரண்டும் ஒன்றையொன்று ஒத்தவை அல்ல. ஒன்று மருத்துவத்தின் வழி, மற்றொன்று தெருவின் வழி. இரண்டிலும் பூட்டும் சாவியும் மையத்தில் இல்லை.

உதவுபவரின் தரப்பிலும் தவறுகள் உண்டு; அவற்றை மறைப்பது நன்றன்று. ‘என்னால் முடிந்தது, உன்னாலும் முடியும், மாத்திரை எதற்கு’ என்ற வீராப்பு அவற்றுள் முதன்மையானது. நீண்ட காலம் மிகுதியாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம். கடைசிக் குடியிலிருந்து 2 முதல் 4 நாட்களுக்குள் உயிரைப் பறிக்கக்கூடிய மனக்குழப்ப நிலையும் தோன்றலாம். அந்த நாட்களில் தேவைப்படுவது மருத்துவமனையும் தயமினும். அனுபவப் பகிர்வு காத்திருக்கலாம். அபினி வகைப் போதையிலிருந்து மீள ப்யூப்ரெனார்ஃபின் எடுப்பவரைப் பார்த்து ‘நீ இன்னும் சுத்தமாகவில்லை’ என்று சொல்லும் குழுக்களும் இருக்கின்றன. அப்பேச்சைக் கேட்டு மருந்தை நிறுத்தியவர் மறுபடி பழைய அளவில் எடுத்தால், தாங்குதிறன் குறைந்துவிட்ட உடல் அதைத் தாங்காது. அங்கே அறிவுரை ஒருவரைக் கொன்றுவிடும். இன்னொரு தவறு நுட்பமானது: இருபத்து நான்கு மணிநேரமும் பிறரின் அழைப்பை ஏற்று, தன் உறக்கத்தையும் உணவையும் மறந்து, பிறரின் நெருக்கடியையே தன் புதிய போதையாக்கிக்கொள்வது. பழைய உறுப்பினர்கள் இதை உடனே அடையாளம் கண்டு, இரண்டு நாள் தொலைபேசியை அணைத்து வை என்பார்கள். எந்தப் பாடநூலிலும் இல்லாத மருத்துவக் குறிப்பு அது.

இனி பல்கலைக்கழகங்களுக்கு வரலாம். போதைப்பொருள் தடுப்புச் சட்டம், கடுமைக்குப் பெயர்போன அந்த 1985ஆம் ஆண்டுச் சட்டமே, தாமாக முன்வந்து சிகிச்சை கோரும் பயனாளர்மீது சிறு அளவு தொடர்பான வழக்கு நடத்தாமல் விட 64ஏ பிரிவில் ஒரு வழி வைத்திருக்கிறது. நமது விடுதி விதிமுறைகளில் அந்த அளவுக்குக்கூட இடம் இல்லை. பிடிபட்டவரும் உதவி கேட்டு வந்தவரும் பல விதிப்புத்தகங்களில் ஒரே வரியில், ஒரே தண்டனையோடு இருக்கின்றனர். உதவி கேட்டால் அறை பறிபோகும், பெற்றோருக்குக் கடிதம் போகும், ஆய்வு உதவித்தொகைக் குழுவின் காதுக்கும் போகும் என்று தெரிந்த மாணவர் ஏன் வாயைத் திறப்பார்? அவர் அடுத்த ஜூன் 26இலும் கையை நீட்டி உறுதிமொழி எடுப்பார்.

செய்ய வேண்டியவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல. உதவி கோருவதையும் பிடிபடுவதையும் விதிப்புத்தகத்தில் இரண்டு தனிப் பத்திகளாக்குதல். நிமான்ஸ் மையமாக இருந்து வழிநடத்தும் டெலி மானஸ் எண்ணான 14416ஐ விடுதி அறிவிப்புப் பலகையில், தமிழிலும் கிடைக்கும் என்ற குறிப்போடு ஒட்டுதல். மாணவர்களுக்கு உதவ மீட்சியில் வாழும் ஒருவரை அமர்த்தினால் ஆலோசகருக்குத் தரும் வரிசையில் அவருக்கும் சம்பளம் தருதல். அவர் ஒருநாள் தடுக்கி விழுந்தால் மஞ்சள் காமாலைக்கு விடுப்பு தருவது போல விடுப்பு தருதல். வளாகத்தில் வாரம் ஒருநாள் மாலையில் ஓர் அறை. அங்கே வருகைப்பதிவேடு இருக்கக் கூடாது, கண்காணிப்புக் கேமரா வாசலைப் பார்த்து இருக்கக் கூடாது, துறைத்தலைவர் தொடங்கிவைக்க வரக் கூடாது. இருபது நாற்காலிகள் போதும். அடுக்கி வைப்பதற்கு யாராவது வருவார்கள்.